இனிப்பான மதுவும் சர்க்கரைக் கட்டுப்பாட்டு உணவுமுறையும்: நோயாளரும் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டியவை

நீரிழிவு நோயாளருக்கு உணவுத் திட்டம் வகுக்கும்போது இட்லியின் எண்ணிக்கை, சோற்றின் அளவு, காபியில் சர்க்கரை, மாலை நேரப் பலகாரம் என அனைத்தையும் விரிவாகப் பேசுகிறோம். மதுவைப் பற்றிய பேச்சு மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை. நோயாளர் கூசுகிறார், உடன் வந்தவர் தலையைத் திருப்பிக்கொள்கிறார். ஆலோசனை முடிந்து அனைவரும் எழுந்த பின், கதவருகே நின்று, "எப்போதாவது கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமா, டாக்டர்?" என்று தணிந்த குரலில் கேட்பவர்கள் பலர். அந்தக் கேள்விக்கு நின்ற நிலையில் ஒரு வரியில் விடை கூற இயலாது. எனவே இந்த இதழில் அதனை ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுகிறேன். உடல்நலத்திற்காக எவரும் மது அருந்தத் தொடங்க வேண்டியதில்லை. எந்த அளவு மதுவும் முற்றிலும் தீங்கற்றது எனக் கூற இயலாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் அறிவித்தது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் மது 1988 முதலே முதல் பிரிவில் இடம்பெற்றுள்ளது. அருந்தாதவர்கள் அவ்வாறே தொடர்க. இக்கட்டுரை, ஏற்கெனவே எப்போதாவது அருந்தும் பழக்கமுள்ள நீரிழிவு நோயாளருக்கும், அவரைப் பேணும் குடும்பத்தாருக்கும் உரியது.

மதுக்கோப்பையில் இரு பொருள்கள்

இனிப்பான மது பானத்தில் நாம் தனித்தனியே கணக்கிட வேண்டிய பொருள்கள் இரண்டு. ஒன்று சர்க்கரை, மற்றொன்று ஆல்கஹால். இவை இரண்டும் இரத்தச் சர்க்கரையை எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன. சர்க்கரை சில நிமிடங்களில் அளவை உயர்த்துகிறது. ஆல்கஹால் பல மணி நேரம் கழித்து அளவைத் தாழ்த்துகிறது. இந்த அடிப்படை விளங்கிவிட்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

சர்க்கரையை முதலில் பார்ப்போம். நாளொன்றுக்கு 2000 கலோரி உண்ணும் ஒருவர், உணவிலும் பானத்திலும் சேர்க்கப்படும் சர்க்கரையை 50 கிராமுக்குள்ளும், இயன்றால் 25 கிராமுக்குள்ளும் நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நீரிழிவு உள்ளவர்களுக்கு இரண்டாவது அளவே பொருந்தும். அது ஐந்து தேக்கரண்டிச் சர்க்கரை.

இனி, பானங்களில் உள்ள தோராயமான அளவுகளைக் காண்க.

• பிராந்தி, விஸ்கி, ரம், ஓட்கா, ஜின்: இவற்றில் சர்க்கரை ஏறத்தாழ இல்லை. ரம் கரும்புச் சர்க்கரைப் பாகிலிருந்து உருவாவதால் அதில் சர்க்கரை மிகுதி என்று பலர் எண்ணுகின்றனர். காய்ச்சி வடிக்கும்போது ஆவியாகி மேலே செல்வது ஆல்கஹால். சர்க்கரை கொப்பரையிலேயே தங்கிவிடுகிறது.

• கோலா வகைக் குளிர்பானம், 300 மி.லி.: சுமார் 32 கிராம் சர்க்கரை. இது ஆறு தேக்கரண்டிக்கும் மேல். ஒரு நாளின் முழு அளவையும் கடந்துவிடுகிறது.

• டானிக் வாட்டர், 300 மி.லி.: சுமார் 25 கிராம். சற்றே கசப்பதால் இதில் சர்க்கரை இல்லை என்று மயங்குகிறோம். வெறும் சோடாவில் சர்க்கரை இல்லை. டானிக் வாட்டரில் உண்டு. பெட்டியில் அடைத்து விற்கும் பழ பானங்களில் 200 மி.லி. அளவிலேயே 20 கிராமைத் தாண்டுவது வழக்கம்.

• போர்ட் வகை இனிப்பு ஒயின், 100 மி.லி.: சுமார் 10 கிராம் சர்க்கரை. திராட்சைச் சாறு நொதிக்கும்போதே இடையில் சாராயத்தைச் சேர்த்து நொதித்தலை நிறுத்துவதால், எஞ்சிய சர்க்கரை அப்படியே நின்றுவிடுகிறது. இனிப்பற்ற 'டிரை' ஒயினில் அதே அளவுக்கு அரை கிராமும் இராது.

• கிறிஸ்துமஸுக்கு வீட்டில் செய்யும் திராட்சை ஒயின்: திராட்சையோடு பெருமளவு சர்க்கரையும் சேர்த்து ஊறவைப்பது வழக்கம். நொதிமம் முழுவதையும் தின்று தீர்ப்பதில்லை. நாவில் உணரும் இனிப்பு அனைத்தும் எஞ்சிய சர்க்கரையே. வீட்டுக்கு வீடு செய்முறை மாறுவதால் சர்க்கரை, ஆல்கஹால் இரண்டையும் அளவிட வழியில்லை.

• லிக்கர் எனப்படும் காபிச் சுவை, பால் ஏட்டுச் சுவை மதுக்கள், 30 மி.லி.: 6 முதல் 12 கிராம் சர்க்கரை.

• பழச்சுவை சேர்த்துச் சிறு புட்டியில் விற்கும் ஆயத்த மதுக்கள், 275 மி.லி.: பலவற்றில் 20 கிராமுக்கு மேல். ஆல்கஹால் குறைவு என்பதால் இவை தீங்கற்றவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. நீரிழிவு நோயாளருக்கு இவையே கணக்கை முதலில் குலைப்பவை.

• பீர், 650 மி.லி. புட்டி: இனிப்பு நாவுக்குத் தெரியாவிடினும் சுமார் 20 கிராம் மாவுச்சத்து உண்டு. 'ஸ்டிராங்' என்று குறிக்கப்பட்ட, 8 விழுக்காடு ஆல்கஹால் உள்ள புட்டியில் ஆல்கஹாலும் 40 கிராம் அளவுக்கு உள்ளது.

மதுப்புட்டிகளில் ஆல்கஹாலின் விழுக்காடு அச்சிடப்பட்டிருக்கும். பிஸ்கட் உறையில் காண்பது போன்ற சத்து விவர அட்டவணை பெரும்பாலும் இருப்பதில்லை. எனவே மேற்கண்ட அளவுகளை நினைவில் கொள்வது நன்று.

ஆல்கஹாலை அளப்பது எப்படி?

இந்தியாவில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் ஆகியவற்றில் பெரும்பாலும் 42.8 விழுக்காடு ஆல்கஹால் உள்ளது. அவற்றில் 30 மி.லி. அருந்தினால் 10 கிராம் ஆல்கஹால் உடலுக்குள் செல்கிறது. இதையே ஓர் அலகாகக் கொள்வோம். 180 மி.லி. கொண்ட 'குவார்ட்டர்' புட்டி ஆறு அலகு. அதைப் பாதியாகப் பகிரும் 'கட்டிங்' மூன்று அலகு. மேலே கூறிய ஸ்டிராங் பீர் புட்டி நான்கு அலகு. "பீர்தானே!" என்று கூறுவோர் இக்கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஒரு கிராம் ஆல்கஹால் 7 கலோரி தருகிறது. ஒரு கிராம் சர்க்கரை 4 கலோரி. 90 மி.லி. ரம்முடன் 300 மி.லி. கோலா சேர்த்தால் ஆல்கஹாலிலிருந்து 210, சர்க்கரையிலிருந்து 128, ஆக ஏறத்தாழ 340 கலோரி. இது ஆறு இட்லிக்கு நிகர். ஆயினும் இட்லி தரும் பசியாறுதலும் சத்தும் இதில் இல்லை. தொட்டுக்கொள்ளும் மிக்சரும் பொரித்த கோழியும் இக்கணக்கில் இன்னும் சேரவில்லை.

கல்லீரலில் நிகழ்வது

இப்பாடத்தின் இன்றியமையாத பகுதி இதுவே.

நாம் உண்ணாத நேரங்களில், குறிப்பாக இரவில், இரத்தச் சர்க்கரை ஓர் அளவுக்குக் கீழே இறங்காமல் காப்பது கல்லீரல். அது இரு வழிகளில் இதனைச் செய்கிறது. சேமித்து வைத்த கிளைக்கோஜனை உடைத்துச் சர்க்கரையாக வெளிவிடுவது முதல் வழி. அச்சேமிப்பு குறையும்போது புரதச் சிதைவிலிருந்தும் லாக்டேட்டிலிருந்தும் புதிதாகச் சர்க்கரையை உருவாக்குவது இரண்டாவது வழி.

ஆல்கஹால் உடலுக்குள் வந்ததும் கல்லீரல் அதனை அகற்றும் வேலையில் இறங்குகிறது. அவ்வேலையின் வேதி விளைவாகப் புதிய சர்க்கரை உருவாக்கும் வழி தடைபடுகிறது. முதல் வழியாகிய சேமிப்பு இருக்கும்வரை தீங்கு தெரியாது. இரவு உணவை உண்ணாதவருக்கும், பகல் முழுவதும் சரிவர உண்ணாதவருக்கும் அச்சேமிப்பு விரைவில் தீர்ந்துவிடும். அதன்பின் இரத்தச் சர்க்கரை தாழத் தொடங்குகிறது. அருந்திய சில மணி நேரத்திலும் இது நிகழலாம். மறுநாள் காலையிலும் நிகழலாம். 24 மணி நேரம் வரை விழிப்புடன் இருக்க வேண்டும் என்று நாங்கள் கூறுவதன் காரணம் இதுதான்.

இன்சுலின் செலுத்திக்கொள்பவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகள் உட்கொள்பவர்களுக்கும் இந்த இடர் மிகுதி. இம்மருந்துகள் சர்க்கரையைத் தாழ்த்திக்கொண்டே இருக்கும். அதனை ஈடுசெய்ய வேண்டிய கல்லீரலோ செயலற்றிருக்கும்.

அப்படியானால் இனிப்புடன் சேர்த்து அருந்தினால் சர்க்கரை தாழாதல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. 1977-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்த பிரித்தானிய ஆய்வொன்று இதனை ஆராய்ந்தது. நலமுடைய தன்னார்வலர்களுக்கு ஜின்னுடன் சர்க்கரை கலந்த டானிக் வாட்டரைக் கொடுத்தபோது, முதலில் சர்க்கரை உயர்ந்து, இன்சுலின் மிகுதியாகச் சுரந்து, பின்னர்ச் சர்க்கரை தாழ்ந்தது. வெறும் வயிற்றில் அருந்தும் இனிப்பு மது, உயர்வையும் தாழ்வையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தருகிறது. ஒன்று மற்றதைச் சமன்செய்வதில்லை.

சர்க்கரையைத் தவிர்த்தும் வந்த ஆபத்து

அவசரப் பிரிவில் நாங்கள் திரும்பத் திரும்பக் காணும் நிகழ்வின் வடிவம் இது. ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் மருத்துவர் சொற்படி சர்க்கரையைக் குறைத்துவிட்டார். உறவினர் திருமணத்திற்கு முந்தைய இரவில் நண்பர்களுடன் அமர்கிறார். கோலாவில் சர்க்கரை என்பதால் தண்ணீரே கலந்துகொள்கிறார். மது அருந்திய கலோரிக்கு ஈடாக இரவு உணவையும் விட்டுவிடுகிறார். கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொள்கிறார். காலை ஏழு மணியாகியும் அவர் எழவில்லை. மனைவி தொட்டு எழுப்பும்போது உளறுகிறார், உடல் வியர்த்திருக்கிறது. "நேற்றுக் குடித்த மயக்கம், தூங்கட்டும்" என்று வீட்டார் விட்டுவிடுகின்றனர். ஒன்பது மணிக்கு வலிப்பு வந்த பின்னரே மருத்துவமனைக்கு அழைத்து வருகின்றனர். இரத்தச் சர்க்கரை 30-ஐ ஒட்டி இருக்கிறது.

அவர் சர்க்கரையைத் தவிர்த்தது சரியே. உணவைத் தவிர்த்ததுதான் இடராயிற்று. மதுவின் கலோரிக்கு மாற்றாக மாவுச்சத்து உணவைக் குறைக்கும் பண்டமாற்று இங்கே செல்லாது. கலோரிப் பட்டியலில் இரண்டும் ஓரினமாகத் தோன்றினும், கல்லீரலுக்கு அவை வெவ்வேறு.

மது மயக்கமும் தாழ்சர்க்கரை நிலையும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். தள்ளாட்டம், குழறும் பேச்சு, எரிச்சல், உறக்கம் ஆகியவை இரண்டிலும் உண்டு. வாயில் மதுவின் வாடை இருப்பதால் பார்ப்பவர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றனர். நோயாளரும் மதுவின் மயக்கத்தில் தம் உடல் தரும் படபடப்பு, நடுக்கம் போன்ற எச்சரிக்கைகளை உணர்வதில்லை. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்ப்பதொன்றே இரண்டையும் பிரித்தறியும் வழி.

உணவுத் திட்டத்தில் பொருத்துவது எப்படி?

மருத்துவர் தடை விதிக்காத நிலையில், எப்போதாவது அருந்துபவர் பின்பற்ற வேண்டியவை:

1. நான் என் நோயாளர்களிடம் கூறும் உச்ச வரம்பு, ஆண்களுக்கு இரண்டு அலகு, பெண்களுக்கு ஓர் அலகு. அது அடைய வேண்டிய இலக்கன்று. தாண்டக் கூடாத எல்லை. ஆறு நாள் அருந்தாதவர் ஏழாம் நாள் எல்லாவற்றையும் சேர்த்து அருந்துவதும் ஏற்புடையதன்று.

2. கலப்பதற்குத் தண்ணீரையோ வெறும் சோடாவையோ பயன்படுத்துக. எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். சர்க்கரையற்ற குளிர்பானம் சர்க்கரைக் கணக்கைக் கூட்டாது. ஆயினும் அதனுடன் கலந்த மது இரைப்பையைவிட்டு விரைவாக வெளியேறி, இரத்தத்தில் ஆல்கஹால் அளவை மிகுதியாக்கும். எனவே மெதுவாக அருந்துக.

3. இனிப்பு ஒயினோ லிக்கரோதான் வேண்டுமெனில், அன்றைய இனிப்பு முழுவதையும் அதற்கே ஒதுக்குக. 100 மி.லி. போர்ட் ஒயின் அருந்தினால் பாயசமும் கேக்கும் அன்று இல்லை. மருந்துக்கான அளவுக் குவளையில் அளந்து ஊற்றுக, கண்ணளவை நம்பற்க.

4. வெறும் வயிற்றில் அருந்தற்க. சப்பாத்தி, இட்லி, சோறு என வழக்கமான மாவுச்சத்து உணவை வழக்கமான அளவில் உண்க. உடன் கொள்ளப் பொரித்தவற்றுக்கு மாற்றாகச் சுண்டல், வேகவைத்த வேர்க்கடலை, முட்டை போதும்.

5. அருந்துவதற்கு முன்னும் உறங்கும் முன்னும் இரத்தச் சர்க்கரையைப் பார்க்க. உறங்கும் முன் 100-க்குக் கீழ் இருந்தால் இரண்டு இட்லியோ பாலும் ரொட்டியுமோ கூடுதலாக உண்ட பின்னரே படுக்க வேண்டும். காலையில் வழக்கமான நேரத்தில் எழுப்பும்படி வீட்டாரிடம் கூறுக.

6. மது அருந்தியதால் சர்க்கரை உயர்ந்துள்ளதைக் கண்டு, தாமாக இன்சுலினைக் கூட்டிப் போட்டுக்கொள்ளற்க. அந்த உயர்வு தற்காலிகம். பின்வரும் தாழ்வு கடுமையாகிவிடும்.

7. மெட்பார்மின் உட்கொள்பவர் மிகுதியாக அருந்தினால் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் மிகும் இடர் உண்டு. டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் உட்கொள்பவர் உண்ணாமல் அருந்தினால் கீட்டோன் அமிலம் மிகலாம். அப்போது இரத்தச் சர்க்கரை பெரிதும் உயர்ந்திராது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு வருக.

எவர் முற்றிலும் தவிர்க்க வேண்டும்?

கருவுற்றவர்கள், கல்லீரல் நோயோ கணைய அழற்சியோ உள்ளவர்கள், டிரைகிளிசரைடு மிகவும் உயர்ந்தவர்கள், நரம்புப் பாதிப்பினால் கால் எரிச்சலும் மரத்தலும் உள்ளவர்கள், தாழ்சர்க்கரையின் அறிகுறிகளை உணர இயலாதவர்கள், முன்னர் மதுவுக்கு அடிமையாகி மீண்டவர்கள் ஆகியோருக்கு அளவு என்ற பேச்சே இல்லை. வாகனம் ஓட்ட வேண்டிய நாளில் எவருக்கும் இல்லை.

அறியாமல் உட்செல்லும் மதுவையும் கவனிக்க. திராட்சாரிஷ்டம், தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களிலும் ஆசவங்களிலும் வெல்லமும் உண்டு, நொதித்தலால் தானே உருவாகும் ஆல்கஹாலும் உண்டு. அவற்றை உட்கொள்பவர்கள் எங்களிடம் தெரிவிக்க வேண்டும். பதநீரில் மது இல்லை. ஆயினும் 100 மி.லி.யில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை உண்டு.

குடும்பத்தாருக்கு

மது அருந்திய நீரிழிவு நோயாளர் குழறினாலோ, வியர்த்தாலோ, எழுப்ப எழாமல் கிடந்தாலோ, முதலில் சர்க்கரையைப் பார்க்க. 70-க்குக் கீழ் இருந்து, அவர் விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டி குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க. 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்த்து, தாழ்வாகவே இருந்தால் மறுபடியும் கொடுக்க. தெளிந்ததும் உணவு கொடுக்க. வோக்லிபோஸ், அகார்போஸ் உட்கொள்பவருக்குச் சாதாரணச் சர்க்கரை விரைந்து பயன் தராது, குளுக்கோஸே வேண்டும். அதனை வீட்டில் எப்போதும் வைத்திருக்க. கருவி இல்லாவிடில், ஐயம் எழுந்தவுடனேயே குளுக்கோஸ் கொடுத்துவிடுக. அதனால் வரும் தீங்கு சிறிது, தாமதத்தால் வரும் தீங்கு பெரிது.

நினைவிழந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றற்க. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க. நோயாளர் நீரிழிவு உள்ளவர், இன்ன மருந்து உட்கொள்பவர், மது அருந்தியுள்ளார் என்ற மூன்றையும் வந்தவர்களிடம் மறைக்காமல் கூறுக. மானம் கருதி மூன்றாவதை மறைப்போர் உண்டு. ஆல்கஹாலால் கல்லீரலின் சேமிப்பு தீர்ந்திருந்தால் குளுக்ககான் ஊசி போதிய பயன் தராது என்பதால், அந்தத் தகவல் சிகிச்சையையே மாற்றும்.

நாள்தோறும் மிகுதியாக அருந்துபவரை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லி வற்புறுத்தற்க. திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரக்கூடும். மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்துவதே பாதுகாப்பு. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446; கட்டணம் இல்லை.

பயிற்சி

வரும் ஆலோசனைக்கு முன் ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதி வருக: அருந்தும் பானத்தின் பெயர், ஒரு முறைக்கு எத்தனை மி.லி., எதனுடன் கலக்கிறீர்கள், அன்று இரவு என்ன உண்டீர்கள். கீழே, உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்களையும் எழுதுக. சர்க்கரையின் கணக்கையும் ஆல்கஹாலின் அலகையும் மேற்கண்ட அளவுகளைக் கொண்டு நீங்களே போட்டுப் பாருங்கள். அத்தாள் கையில் இருந்தால், கதவருகே தணிந்த குரலில் கேட்க வேண்டியதில்லை. நாற்காலியில் அமர்ந்து, இருவரும் பார்த்துப் பேசலாம். மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா, மதுவை முற்றிலும் விலக்க வேண்டுமா என்பதை அதன் அடிப்படையிலேயே முடிவு செய்ய இயலும்.